ஐந்தாம் இடத்து அநியாயம்

"மட்டையையே தொடாதவனுக்கு அஞ்சு பாயிண்டா? இது எந்த ஊரு நியாயம்வே?"

தென்காசிப் பூப்பந்துக் கழகத்தின் காரியதரிசி பால்வண்ணநாதன், மைதானத்து அறிவிப்புப் பலகையின் முன் நின்று குமுறினார். தாலுகா அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகள் மனு வாங்கிப் பழகிய அவருக்கு, அநியாயத்தைக் கண்டுவிட்டால் மனு எழுதாமல் சோறு இறங்காது.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு லீக்கின் சட்டம் எளிமையானது. ஆறு ஊர் அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஐந்தோடும் ஒருமுறை மோத வேண்டும். வெற்றிக்கு இரண்டு புள்ளி. மழையால் ஆட்டம் நின்றால் இரு தரப்புக்கும் ஒவ்வொன்று. முதல் நான்கு அணிகள் அரையிறுதிக்குச் செல்லும்.

குற்றாலம் அணியோ தன் ஐந்து ஆட்டங்களையும் சாரல் காலத்தில், சொந்த மைதானத்திலேயே வைத்துக்கொண்டது. ஐந்தும் நனைந்தன. கம்பளிப் பந்து ஊறித் தேங்காயெனக் கனத்தது. ஆட வந்தவர்கள் அருவியில் குளித்துவிட்டு, ஆளுக்கொரு புள்ளியோடு ஊர் திரும்பினார்கள். விளைவு: குற்றாலம் ஐந்து புள்ளி, நான்காம் இடம்; தென்காசி மூன்று புள்ளி, ஐந்தாம் இடம்.

பால்வண்ணநாதனின் நெஞ்சு வெந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. தகுதி பெறும் அணிகளின் காரியதரிசிகள் பெயர் அரையிறுதி நோட்டீஸில் அச்சாகும். ஆறு ஆண்டுகள் உழைத்தும் அவர் பெயர் அச்சில் ஏறியதில்லை. மைத்துனன் கல்யாணப் பத்திரிகையில்கூட அவர், 'மற்றும் உறவினர்கள்' என்பதற்குள் அடங்கிப் போனார்.

அன்று மாலையே லீக் கூட்டத்தில் நான்கு தாள் மனுவை வாசித்தார்.

"மழைக்குப் பாயிண்டு குடுக்கணும்னா மேகத்துக்குல்லா குடுக்கணும்!" என்று மேசையைத் தட்டினார்.

தலைவர் வல்லிநாயகம் யோசித்தார். "சரிதான். மழைப் பாயிண்டெல்லாம் ரத்து. குற்றாலத்தான் ஆட வேண்டிய அஞ்சு ஆட்டத்தையும் தென்காசியில திரும்ப ஆடிருவோம்."

"அப்படிச் சொல்லும்!"

"உம்ம மழைப் பாயிண்டும் ரத்துவே. இனி உமக்கு ரெண்டுதான்."

"என் மனுவ வச்சே என் கழுத்த அறுக்கீரா? இந்தச் சபையில இனி ஒரு நிமிசம் இருக்க மாட்டேன்!"

"கடைசித் தீர்மானம் ஒண்ணு பாக்கி. கேட்டுட்டுப் போம்."

"உம்ம தீர்மானத்த நீரே வச்சுக்கிடும்!"

துண்டை உதறி வெளிநடப்புச் செய்தார். செங்கோட்டைக் காரியதரிசி முத்துராமலிங்கம் மட்டும், காதைத் தீட்டிக்கொண்டு கடைசிவரை அமர்ந்திருந்தார்.

காய்ந்த மண்ணை முதன்முதலாக மிதித்த குற்றாலத்து இளைஞர்கள் சிங்கங்களாயினர். சனிக்கிழமைக்குள் தென்காசி தவிர மற்ற நான்கு அணிகளையும் வீழ்த்தி எட்டுப் புள்ளி பெற்றனர். செங்கோட்டை ஏனோ முக்கால்வாசிப் பந்தை வலையிலேயே அடித்தது.

"நனைஞ்சு கெடந்தவன நாமளே வெயில்ல காயவச்சு எடுத்து உட்டுட்டமே!" என்று வயிறெரிந்த பால்வண்ணநாதன், மைதானம் தம்முடையது என்ற உரிமையில், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்குக் குறித்தார். சாரலில் வளர்ந்த குற்றாலத்தாரில் இருவர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டனர். தென்காசி வென்று நான்கு புள்ளியைத் தொட்டது.

ஆனால் செங்கோட்டைக்கும் நான்கு. நான்காம் இடம் யாருக்கு? மாலையில் ஒரு தீர்ப்பு ஆட்டம் வைத்தார்கள்.

அதில் செங்கோட்டை ஆடிய லட்சணத்தைக் கண்டு அம்பயரே பரிதாபப்பட்டார். அடித்த பந்தெல்லாம் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பறந்தது. இருபத்தொன்பதுக்கு நான்கு! தென்காசி தகுதி பெற்றது.

தோற்ற முத்துராமலிங்கம் ஓடிவந்து பால்வண்ணநாதனைக் கட்டிக்கொண்டார். "அண்ணாச்சி, நீரு ஜெயிச்சதுல எனக்குப் பரம சந்தோசம்!"

'மனுசன்னா இவருல்லா மனுசன்!' என்று அவருக்குக் கண் கலங்கியது.

மறுநாள் காலை அச்சகம் திறக்குமுன்னே வாசலில் நின்றார். அச்சுக் கோக்கும் பிச்சுமணி, ஈர நோட்டீஸ் ஒன்றை நீட்டினான். பால்வண்ணநாதன் தம் பெயரைத் தேடினார். அடியில், அச்சக முகவரிக்குச் சற்று மேலே, எறும்பு ஊர்வதுபோல் அது கிடந்தது. உச்சியிலோ புகைப்படத்துடன், கொட்டை எழுத்தில்: 'தலைமை வகித்துக் கோப்பை வழங்குபவர்: செங்கோட்டை முத்துராமலிங்கம்.'

"தோத்தவனுக்குத் தலைமையா? எவம்லே போட்டான் இந்தத் தீர்மானத்த?"

"நீங்க வெளிநடப்புச் செஞ்ச பொறவு போட்ட கடைசித் தீர்மானம்லா அண்ணாச்சி. சொந்த டீமு ஆடாத ஆளா, பட்சபாதம் இல்லாம இருக்கணும்னு, அஞ்சாவதா வார டீமு காரியதரிசிதான் தலைமையாம்."

பால்வண்ணநாதன் நோட்டீஸைக் கசக்கி எறிந்தார்.

பிச்சுமணி மை படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான்: "சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் நீங்கதான அஞ்சாவது; உங்க பேரத்தான் கொட்டை எழுத்துல கோத்து வச்சிருந்தேன்!"