மச்சானுக்கு, பூசணிக்காய் விஷயமாக

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் துணைவியாரும், பேரப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே நாங்கள் அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் முப்பத்து நாலு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவனுக்கு, இல்லாத எடையை இருப்பதாக எழுதிப் பழக்கமில்லை. தங்கள் தங்கை முழு நலம். நான் அரைக்கால் நலம்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் வீட்டு மாடி காலியாக இருப்பதாகவும், நல்ல ஆளாகத் தேடுவதாகவும் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். ஆள் கிடைத்துவிட்டது. நான்தான். தங்கள் தங்கையும் வருவாள், ஆனால் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அண்ணன் என்ற முறையில் அதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். காரணத்தை விவரமாக எழுதுகிறேன், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கவும்.

நான் ஓய்வு பெற்றதும் இந்தத் தெருவில் வீடு வாங்கியது தங்கள் தங்கையின் யோசனை. மாடிப்படி இறங்கினால் பேக்கரி, பக்கத்தில் தையல்கடை, எதிரே சலூன், மூலையில் காய்கறிக்கடை, எல்லாமே இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய கடைகள். அவளுக்கு அது சொர்க்கம். ஊசி நூல் வாங்கப் போகிறேன் என்று போவாள், ஒன்றரை மணி நேரம் கழித்து நூலை மறந்துவிட்டுத் தையல்காரர் மகளின் பரீட்சை மார்க்கோடு திரும்பி வருவாள். எனக்கோ, மச்சான், இது நான் வேலையில் இருந்தபோது என் எல்லைக்குள் இருந்த தெரு. நான் கடைக்குள் கால் வைத்தால் பேச்சு நின்றுவிடும். பேக்கரிக்காரர் நான் கேட்ட நாலு பன்னோடு பயத்தில் ஐந்தாவதையும் போட்டுக் கட்டுவார், வேண்டாம் என்றால் ஆறாவதையும் போடுவார். தையல்காரர் என் இடுப்பை அளக்கும் முன் பழைய டேப்பை மேஜைக்கடியில் தள்ளிவிட்டுப் புது டேப்பை உறையிலிருந்து பிரிக்கிறார். சலூன்காரர் இருக்கிறாரே, நாற்காலியில் உட்கார்ந்தவனிடமெல்லாம் உலக விவகாரம் பேசுகிற மனுஷன், என்னிடம் இரண்டு வருடமாகப் பேசியது மூன்றே வார்த்தை: "தலையைக் கொஞ்சம் குனிங்க." அதிலும் என் தலையில் அவருக்கு வேலை நாலு நிமிஷம்தான்.

இவர்கள் எல்லாரும் சேர்ந்து போன ஞாயிற்றுக்கிழமை தெருவை இரண்டு பக்கமும் அடைத்து, "நம்ம தெரு நம்ம கடை" என்று துணியில் எழுதிக் கட்டி, ஒரு நாள் விழா நடத்தினார்கள். பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம், பெரியவர்களுக்குப் பாட்டு, கடைக்கு ஒரு மேஜை. அதில் ஒரு போட்டி, பூசணிக்காயின் எடையைச் சரியாகச் சொல்வது. காயை மொட்டைமாடியில் வளர்த்தது மூலைக் காய்கறிக்கடை அம்மா. கொசுறு அம்மா என்றுதான் தெருவே கூப்பிடும். எதை வாங்கினாலும் எடை முடிந்த பிறகு ஒரு கை அள்ளி மேலே போட்டுவிடுவார். பரிசு, சலூன்காரர் உபயத்தில் ஒரு வருடத்துக்கு இலவச முடிவெட்டு. நடுவர் யார்? தங்கள் தங்கை அதற்கு முந்தின வாரம் நடந்த ஏற்பாட்டுக் கூட்டத்தில் எழுந்து, "எங்க வீட்டுக்காரர் இருக்காரே!" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். யாரும் கை தட்டவில்லையாம். மறுக்கவும் யாருக்கும் தைரியம் வரவில்லையாம்.

"என்னை எதுக்கு மாட்டி விட்ட?" என்று கேட்டேன். "பால்கனியில நின்னு தெருவையே பாத்துக்கிட்டிருக்கீங்களே, ஒரு நாளாவது கீழ நின்னு பாருங்க"ன்னா. அதுக்கு மேல நான் என்ன பேசுறது?

போனேன். தேய்ச்ச சட்டை போட்டுக்கிட்டுத்தான் போனேன். மைக்கைக் கையில குடுத்தாங்க. ரெண்டு வார்த்தை பேசலாம்னு வாயத் திறந்தா அது கீச்சுன்னு கத்தி, முன் வரிசையில ஒரு குழந்தை வீல்னு அழுது, அதோட அம்மா தூக்கிக்கிட்டு ஓட, அவங்க கால் தட்டி மேஜை ஆடி, பூசணிக்காய் உருள ஆரம்பிச்சிருச்சு மச்சான். நானும் பேக்கரிக்காரரும் ஒரே நேரத்துல பாய்ஞ்சு பிடிச்சோம். காய் தப்பிச்சது, என் கண்ணாடிதான் போச்சு. அந்த உடைஞ்ச கண்ணாடியோடதான் ஒரு கண்ணால பார்த்துத் தராசு முள்ளைப் படிச்சேன். பதினோரு கிலோ ஐந்நூத்தி இருபது கிராம்.

சீட்டுகளைப் பிரிச்சா, சலூன்காரர் பதினோரு கிலோ அறுநூறுன்னு எழுதியிருக்கார். தங்கள் தங்கை பதினோரு கிலோ ஐந்நூறு. எப்படிச் சொன்னேன்னு கேட்டா, "எங்க அண்ணன் பேரனைத் தூக்கின மாதிரியே இருந்துச்சு"ங்கிறா. தீர்ப்புச் சொன்னேன். என் பெண்டாட்டிக்கு ஒரு வருஷம் இலவச முடிவெட்டு. தெருவே சிரிச்சது. சலூன்காரர் மட்டும் சிரிக்கல. தானே குடுக்குற பரிசைத் தானே ஜெயிச்சுத் திரும்ப எடுத்துக்கலாம்னு நெனச்சிருப்பார் போல. எழுந்து நின்னு, "நடுவர் வீட்டுக்கே பரிசா? சரி, அது போகட்டும். தராசு யாரோடது? கொசுறு அம்மாவோடது. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி எடையில தப்புன்னு ஆபீசர் தராசைப் பிடிச்சுக்கிட்டுப் போன கடையாச்சே! பிடிச்சவரே நிக்கிறார், கேட்டுப் பாருங்க"ன்னார். விளையாட்டாத்தான் சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. அந்த அம்மா தலையைக் குனிஞ்சு, மேஜைத் துணியோட சுருக்கத்தை நீவிக்கிட்டே இருந்தாங்க.

எனக்கு அந்தச் சுருக்கத்தை நீவுற கையைப் பாக்க முடியல. கூட்டத்துல நின்ன பால்காரர்கிட்ட லிட்டர் அளவையை வாங்கினேன். பழக்கதோஷத்துல அதோட அடியைத் திருப்பி அரசு முத்திரை இருக்கான்னு பார்த்துட்டேன், அது என் தப்புதான். பத்து லிட்டர் தண்ணியை அளந்து தராசு மேல வச்ச பாத்திரத்துல ஊத்தி, பாத்திரத்தோட எடையைக் கழிச்சு, தண்ணியோட சூட்டுக்கு முப்பது கிராம் குறையும்னு நான் விளக்க ஆரம்பிச்சதும் நாலு பேர் எழுந்து போயிட்டாங்க. பரவாயில்ல. தராசு சரியா இருந்துச்சு. "இது சரியான தராசு"ன்னு மைக்குல சொன்னேன்.

அத்தோட நிறுத்தியிருக்கலாம். ஆனா பதினோரு வருஷத்துக்கு முன்னாடி எழுதின அந்த அறிக்கை அப்படியே கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. மச்சான், அன்னிக்கு அந்தத் தராசுல பிழை இருந்தது நெசம். ஆனா அது குறைவா நிக்கிற தராசு இல்ல. கிலோவுக்கு முப்பது கிராம் வாங்குறவங்களுக்கு அதிகமாப் போய்க்கிட்டிருந்த தராசு! கூடினாலும் குறைஞ்சாலும் பிழை பிழைதான்னு சட்டம். நானும் 'பிழை உண்டு'ன்னு எழுதி, பக்கத்துல ஒரு சின்னக் கூட்டல் குறி போட்டு, கையெழுத்து வாங்கிக்கிட்டுத் தராசைத் தூக்கிட்டு வந்துட்டேன். அந்தக் கூட்டல் குறிக்கு என்ன அர்த்தம்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல. அன்னிக்கு இன்னும் ஆறு கடை பாக்க வேண்டியிருந்துச்சு.

இதை அப்படியே மைக்குல சொன்னேன். "இந்த அம்மா யாரையும் ஏமாத்தல. நீங்க எல்லாரும்தான் தெரியாம அதிகமா வாங்கிட்டுப் போனீங்க"ன்னேன். தெரு அப்படியே அடங்கிப் போச்சு. எனக்குக் கடைக்குள்ள பேச்சு நிக்கிறது பழக்கம்தான், ஆனா இது வேற மாதிரி.

அந்த அம்மா மெதுவா நிமிர்ந்தாங்க. "கூடவா போச்சு? குறையலையா சார்?"

"கூடத்தாம்மா போச்சு."

"நெசமாவா?"

"நெசமா."

"நானே என்னைத் திருடின்னு நெனச்சுக்கிட்டேன் சார். எவ்வளவு நாளா எத்தனை பேரை ஏமாத்தினேனோன்னு... அதனாலதான் அன்னிலேருந்து எல்லாருக்கும் ஒரு கை அள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன்."

கொசுறு கொசுறுன்னு நாங்க கூப்பிட்டதுக்கு இதுதான் அர்த்தமான்னு நெனச்சேன். அப்புறம் அவங்க ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

மைக்கை மேஜையில வச்சுட்டு, உடைஞ்ச கண்ணாடியைப் பையில போட்டுக்கிட்டு, கூட்டத்தை விலக்கி வீட்டுக்கு வந்துட்டேன். பேக்கரிக்காரர் "சார், சார்"னு கூப்பிட்டார். திரும்பல.

இது நடந்து மூணு நாள் ஆச்சு. நான் இன்னும் படி இறங்கல. பால்கனி கதவையும் சாத்திட்டேன். தங்கள் தங்கை ராத்திரி சாப்பாட்டுல மட்டும் என் தட்டுல ஒரு கரண்டி அதிகமா வைக்கிறா. அது எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. முப்பத்து நாலு வருஷம் ஒரு கிராம் தப்பாம அளந்தவன் நான், ஒரே ஒரு வார்த்தையை அளந்து குடுக்கத் தவறிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு மனுஷி பதினோரு வருஷம் தலை குனிஞ்சு நின்னிருக்காங்க. இனி இந்தத் தெருவுல எந்த முகத்தோட நடக்கிறது? ஆகவே தாங்கள் மாடியை யாருக்கும் விட்டுவிட வேண்டாம். வெள்ளையடிக்க வேண்டாம், உள்ளபடியே போதும். இரண்டு நாற்காலியும் ஒரு கட்டிலும் இருந்தால் சமாளித்துக்கொள்வோம். தங்கள் தங்கையிடம் பக்குவமாகப் பேசி, நான் சொன்னதாகச் சொல்லாமல், தங்களுக்கே தோன்றியது போலச் சொல்லவும்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கத்தையும், பூசணிக்காய்க்குச் சமமான பேரனுக்கு என் முத்தத்தையும், இரண்டிலும் எடை குறையாமல் சேர்த்துவிடவும். தங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனை.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. தங்கள் தங்கை கதவைத் திறந்துவிட்டு, "என்னங்க, உங்களைத்தான்" என்றாள். இந்த வீட்டுக்கு வந்த இரண்டு வருடத்தில் என்னைக் கேட்டு ஒருத்தர் வந்தது இதுதான் முதல் தடவை. காய்கறிக்கடை அம்மா, மேல்மூச்சு வாங்க நிக்கிறாங்க. "சார், மூணு நாளா ஒவ்வொருத்தரா கடைக்கு வந்து மன்னிப்புக் கேக்குறாங்க. சலூன்காரர் ரெண்டு தடவை வந்துட்டார். தனியா உக்காந்து இதையெல்லாம் கேட்டுக்கிட்டிருக்க எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நீங்களும் வந்து கூட உக்காருங்க"ன்னாங்க. "நீங்க என்னை மன்னிச்சிட்டீங்களாம்மா?"ன்னு கேட்டேன். "அதை அப்புறம் பாத்துக்கலாம் சார். முதல்ல செருப்பைப் போடுங்க, கடையில ஆள் நிக்குது"ன்னுட்டு விறுவிறுன்னு இறங்கிப் போயிட்டாங்க. மச்சான், மாடியை வேற யாருக்காவது விட்டுருங்க. தங்கள் தங்கைக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம். சட்டையில பொத்தான் மாறிப் போட்டுட்டேன்னு அவ படியில நின்னு கத்துறா, நான் போயிட்டு வந்து விவரமா எழுதுறேன்னு சொல்லக்கூட நேரமில்ல.