காதில் ஏறாத கம்பி

சன்னாசி வளைத்த கொக்கியைப் போட்டுப் பார்த்த குமுதாவுக்கு இரண்டு காதும் வீங்கிவிட்டன.

குமுதா பக்கத்து வீடு. ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். தட்டு ஏந்தும் பெண்களுக்குப் பன்னிரண்டு ஜோடி தொங்கட்டான் வேண்டுமென்று சன்னாசியின் மனைவி நவமணியிடம் சொல்லியிருந்தாள். பாசி கோப்பது, குஞ்சம் கட்டுவது எல்லாம் நவமணியின் கை. காதில் மாட்டும் கொக்கியை மட்டும் கடையில் வாங்குவாள். அதுதான் சன்னாசியின் கண்ணை உறுத்தியது.

ஜெலாப்பாங் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் அவர் முப்பத்தொரு வருஷம் வயர்மேன். ஓய்வு பெற்றபின் வீட்டில் அவருக்கு மிஞ்சிய பதவி, குப்பை கொண்டுபோய்ப் போடுவது.

"நான் இருக்கும்போது கடையில கம்பி வாங்குவியா?"

"ஒங்களுது கரண்டு கம்பி. இது காதுக் கம்பிங்க."

"கம்பிக்குத் தெரியுமா காதா கரண்டான்னு? வளச்சா வளையும்லா!"

அவள் வாங்கி வைத்திருந்த கொக்கிகளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். வயரிங்கில் மிஞ்சிய செம்புக் கம்பியின் தோலை உரித்தார். பேனா மூடியில் சுற்றினார். கட்டரால் நறுக்கினார். முனையை அரத்தால் தேய்க்கவில்லை. காதுத் துளைக்கு அந்தக் கம்பி தடிமன் என்பதும் தோன்றவில்லை.

அதைப் போட்டுப் பார்த்த குமுதா வீங்கிய காதோடு வந்து நின்றாள்.

"அண்ணே, இது கொக்கியா, மீன் தூண்டிலா? பச்சையா வேற ஒட்டுது!"

"ஒன் காது சரியில்ல."

"நாப்பத்தஞ்சு வருஷமா சரியாத்தான் இருந்துச்சு. அக்கா, சனிக்கிழம வரைக்கும் பாப்பேன். இல்லன்னா டவுன்ல ரெடியா வாங்கிக்குவேன்."

நவமணிக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். இது போனால் அவர்கள் குடியிருக்கும் புந்தோங்கில் இனி ஒருத்தியும் அவளிடம் தோடு கேட்கமாட்டாள். மறுநாள் காலை நவமணி தேத்தண்ணியை அவர்முன் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஒங்க ஃபேக்டரில புதுசா ஒண்ணு செஞ்சா என்ன பண்ணுவாங்க?"

சன்னாசிக்கு முகம் மலர்ந்தது. ஃபேக்டரியைப் பற்றி யாரும் கேட்டுப் பல மாதம். "சாம்பிள் டெஸ்ட். பாஸாகுற வரைக்கும் லைன் ஓடாது. ஒருத்தனும் சாமானத் தொடமாட்டான்."

"அப்ப இதுக்கும் டெஸ்ட் வேணும்."

"வேணும்தான். யாரு காதுல?"

அவள் அவர் காதையே பார்த்தாள். எஸ்டேட் கோயிலில் ஒரு வயதில் மொட்டையடித்துக் குத்திய துளை. இன்னும் தூர்ந்து போகவில்லை.

"நானா? ஆம்பளையா?"

"ஒங்க தாத்தா கடுக்கன் போட்டவருதானே? ஒங்க கம்பி மேல நம்பிக்க இல்லன்னா சொல்லிருங்க, விட்டுடலாம்."

அந்த வார்த்தையில் சன்னாசி மாட்டிக்கொண்டார். முனையை லேசாகத் தேய்த்து, பல்லைக் கடித்து, ஒரு ஜோடியை உள்ளே தள்ளினார்.

"மூணு நாள் கழட்டக்கூடாது. அதுவரைக்கும் நான் பாசி கோக்குற மேசப் பக்கமும் வரக்கூடாது. ஒங்க ரூல்தான்."

"வரமாட்டேன்."

"வீட்டுக்குள்ள வேர்க்கும். வெளிய காத்தாட இருங்க."

காப்பிக்கடைக்குப் போனார். கூட்டாளி உடையப்பன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

"மச்சான், சொல்லவே இல்ல! சடங்கு எப்ப?"

"இது டெஸ்டுடா."

"பாஸாயிட்டா சொல்லு. நல்ல மாப்பிள்ளையா பாக்கலாம்."

கடையே சிரித்தது. சன்னாசி சிரிக்கவில்லை. முதல் நாள் அரித்தது. இரண்டாம் நாள் கொதித்தது. மூன்றாம் நாள் காது பணியாரம்போல் உப்பியது. "வலிக்குதா?" என்று நவமணி தினமும் கேட்டாள். "இல்ல" என்றார் தினமும். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் கழற்றியிருக்கலாம். அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை. வீட்டில் இருந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று மூன்று நாளும் காலையிலிருந்து சாயங்காலம்வரை காப்பிக்கடையிலேயே உட்கார்ந்தார்.

சனிக்கிழமை திரும்பி வந்தபோது குமுதா வீக்கம் வடிந்த காதில் புதுத் தொங்கட்டானை மாட்டிக் கண்ணாடிமுன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். மேசையில் பன்னிரண்டு ஜோடி. கொக்கியெல்லாம் மெல்லிய வெள்ளிக் கம்பி. ஒரே அளவு. முனை வழுவழு.

"போட்டதே தெரியலண்ணே!"

"எந்தக் கடை?"

"கடையா? வெள்ளிக் கம்பி மட்டும் வாங்கி, மூணு நாளா அக்காதான் இங்கயே வளச்சாங்க. நான்தான் பாத்தேனே."

கொக்கிகளுக்குப் பக்கத்தில் அவருடைய குறடு. அவருடைய அரம். அரத்தின் பல்லில் வெள்ளித் தூள். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சாமானை அவர் யாரையும் தொடவிட்டதில்லை.

"பாஸாகாம லைன் ஓடக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"ஒங்க லைன் ஓடலையே," என்றாள் நவமணி.

அவர் காதிலிருந்ததைப் பிடுங்கி எறியப் பார்த்தார். வீக்கத்துக்குள் புதைந்துபோன கொக்கி வரவில்லை. குமுதா வாயைப் பொத்திக்கொண்டு பார்க்க, அவர் தலையைச் சாய்த்துப் பிடித்து, அவருடைய கட்டராலேயே அதை நறுக்கி எடுத்தவளும் நவமணி.