நாரத்தம்பூப் பொடி

ரசூலின் அத்தர் புட்டியில் வாசனை காணாமல் போயிருந்தது. காலையில் ஒரு சிட்டிகைப் பொடி போட்டபோது கடை முழுக்க நாரத்தம்பூ மணத்தது. அந்தச் சந்தோஷத்தில் மனுஷர் புட்டியைக் கீழே வைக்காமல் முகர்ந்துகொண்டே இருந்தார். இப்போது முகர்ந்தால் வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது.

அந்த வருஷம் பூ சரியாகக் கிடைக்கவில்லை. அதனால் பம்பாயிலிருந்து வரவழைத்த வெள்ளைப் பொடி அது. பூவே இல்லாமல் பூ மணக்கும், ஊசி முனையளவு போதும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். சாயங்காலம் அத்தர் வாங்க ஜெகபர் அலி ராவுத்தர் வருகிறார். பூவா பொடியா என்று முகர்ந்தே சொல்லிவிடுவார் என்று திருச்சி முழுக்கப் பெயர் வாங்கியவர். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டால் ரசூல் கடைக்கு அப்புறம் ஈ கூட வராது.

ஆகவே இன்னொரு சிட்டிகை போட்டார். மணக்கவில்லை. ஒரு கரண்டி போட்டார்.

உள்ளேயிருந்து மனைவி நஜீமா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "அடுப்புல கொதிக்கிற ஆணம்கூட நாரத்தம்பூ மணக்குது. என்னத்தங்க கொட்டினீங்க?"

மரத்துப்போனது தன் மூக்குதான் என்று அப்போதுதான் ரசூலுக்கு உறைத்தது. மணத்தை அடக்கச் சந்தன எண்ணெய் ஊற்றினார். சந்தனம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. தரையில் சிந்திய பொடியை வெந்நீர் விட்டுக் கழுவினார். ஆவியோடு மணம் தெருவுக்குப் போனது.

எதிர்க்கடைத் தையற்காரருக்கு மெஷின்மேலேயே கண் சொருகியது. ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைவீதியில் யாரும் யாரையும் திட்டவில்லை.

பயந்து பயந்து களைத்துப்போன ரசூலும் கல்லாப்பெட்டிமேல் சாய்ந்தார். மூக்குக்கு எட்டாத மணம் தலைக்கு ஏறியிருந்தது. கண்ணை மூடினால் தோளில் வெள்ளைப் பூக்கள் உதிர்ந்தன. கடை போனால் போகட்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே பெரிய சுகமாக இருந்தது.

ராவுத்தர் வந்தபோதும் ரசூல் எழுந்திருக்கவில்லை, சிரித்தார். ராவுத்தர் புட்டியைத் திறந்து நீளமாக முகர்ந்தார். பிறகு ரசூலின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"சுத்தமான பூ," என்றார். "என் மக நிக்காஹுக்கு இதுதான்."

அவர் புட்டியோடு போய்க் குதிரை வண்டியில் உட்கார்ந்துகொண்டார். மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க வண்டிக்கார மருதை வந்தார். ரசூலுக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு பெரிய மூக்குக்கா தெரியாமல் போயிற்று என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

மருதை குரலைத் தாழ்த்தினார். "அவருக்கு எங்க பாய் தெரியும்? டைபாய்டு வந்ததிலேர்ந்து முதலாளிக்கு வாசனையே தெரியாதுங்க. விக்கிறவங்க மூஞ்சியில பயம் தெரிஞ்சா பொடி, தெரியலைன்னா பூ."