ஜப்பான் போக எனக்குக் கிடைத்த கால் வட்டம்

கவரைப்பேட்டை,
வியாழக்கிழமை.

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி திரு. தணிகைவேல் அவர்களுக்கு, பூவராகவன் பணிவுடன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நான், மனைவி செல்வி, மகன் விமல், தங்கள் மகள் நர்மதா, பேரன் நிலன், பேத்தி மகிழினி ஆகிய அறுவரும் உடம்பளவில் நலம். திருவள்ளூரில் தாங்களும் சம்பந்தியம்மாளும் நலம் என்றும், வயலில் நெல் நல்லபடியாக நிற்கிறது என்றும் நம்புகிறேன். உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்று தாங்கள் யோசிப்பீர்கள். மனதளவில் நான் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிறு தோறும் வருகிறவரிடம் நேரில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நேரில் சொல்லலாம் என்றால் நர்மதா டீயை வைத்துவிட்டு அங்கேயே நிற்கிறாள். போனில் சொல்லலாம் என்றால் என் குரல் தெருமுனை வரை கேட்கிறது. அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பக்கத்தில் முப்பத்து மூன்று வருஷம் நின்று கத்திய தொண்டை, இனி அதைத் திருத்த முடியாது. வாட்சப்பில் தங்களுக்கென்று நான் அனுப்பியது போன மாதம் குடும்பக் குரூப்பில் போய் விழுந்தது தங்களுக்கே தெரியும். ஆகவே பேனாவை எடுத்தேன். விஷயம் இதுதான். மே மாதக் கடைசியில் இவர்கள் கிளம்பவிருக்கும் ஜப்பான் பயணத்தைத் தாங்கள் தலையிட்டு நிறுத்த வேண்டும். நர்மதா தங்கள் பேச்சைத் தட்டமாட்டாள்.

எல்லாம் விமலை அவன் கம்பெனி இரண்டு மாதம் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்பியதில் ஆரம்பித்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் என்பதோடு அவன் நின்றிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்தவன் சமையலறையில் கேஸ் சிலிண்டர் நிற்கும் இடத்தைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டினான், பொறுத்துக்கொண்டேன். வாசலில் என் செருப்பைச் சுற்றியும் ஒட்டினான், அதையும் பொறுத்துக்கொண்டேன். சித்திரை பிறந்த அன்று வடை சாப்பிட்டுக்கொண்டே, நர்மதாவையும் குழந்தைகளையும் பன்னிரண்டு நாள் ஜப்பான் கூட்டிப் போகப்போகிறேன் என்றான் பாருங்கள், அப்போது வடை எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிட்டது. நிலனுக்கு மூன்று வயது முடியவில்லை. மகிழினிக்கு ஒன்றரை. ஒன்று ஓடும், மற்றது அதைப் பார்த்துவிட்டு எதிர்த்திசையில் ஓடும். இவர்களைக் கவரைப்பேட்டை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய் வந்தாலே நான் இரண்டு மணி நேரம் படுக்க வேண்டியிருக்கிறது.

அவன் அதற்கும் பதில் வைத்திருந்தான். "ரெண்டு கொயந்தைக்கு மூணு பெரியவங்க வேணும் நைனா. எங்க கூட ஒரு ஆளு வரணும்" என்றான். நான் உடனே செல்வியைப் பார்த்தேன். பெண்பிள்ளை, பழக்கமானவள், அவள்தான் போவாள் என்று நினைத்தேன். அவளோ கையைத் துடைத்துக்கொண்டே, "நான் வரலப்பா. பன்னெண்டு நாளு சோறு ஆக்காம, காலைல எட்டு மணி வரைக்கும் தூங்குவேன் பாரு, அதான் எனக்கு ஜப்பானு" என்றாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் இவள் எட்டு மணி வரை தூங்க ஆசைப்பட்டது எனக்கு அன்றுதான் தெரியும். இவளுக்கே இந்த எண்ணம் என்றால் மீதி இருப்பது இரண்டு பேர்தான், தாங்களும் நானும்.

மறுநாள் ஃபிரிட்ஜ் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை முளைத்தது. இடது பக்கம் என் பெயர், அதற்குக் கீழே தங்கள் பெயர். மேலே வரிசையாக வேலைகள். ஒவ்வொரு வேலைக்கும் நேராக நான்கு துண்டாகப் பிரித்த ஒரு வட்டம். கால் பாகம் கருப்பு என்றால் இப்போதுதான் கற்கிறான், பாதி கருப்பு என்றால் பக்கத்தில் ஆள் நின்றால் செய்வான், முழுக்கக் கருப்பு என்றால் அடுத்தவனுக்கே கற்றுத் தருவான் என்று அர்த்தமாம். கம்பெனியில் யார் எந்த மிஷினில் நிற்கலாம் என்று இப்படித்தான் பார்ப்பார்களாம். அறுபத்திரண்டு வயதில், ஒரு கொதிகலனையே கையில் வைத்திருந்தவனுக்கு, என் மகனே மார்க்கர் பேனாவோடு வந்து நிற்கிறான். "உன்ன மட்டம் தட்டல நைனா. எந்த வேலையா இருந்தாலும் முதல்ல ட்ரையல் போட்டுப் பாக்கணும்" என்றான். போன ஞாயிறு தாங்கள் வந்தபோது அந்தப் பலகையை முழுசாகப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டீ குடித்தீர்கள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

முதல் பரீட்சை குழந்தை வண்டியை மடிப்பது. ஒரு இடுப்பில் மகிழினி, ஒரு கையால் வண்டியை மடித்து, பஸ் படியில் ஏறுகிற மாதிரி வாசல்படி ஏற வேண்டும், அரை நிமிஷத்தில். நான் ஒரு பொத்தானை அமுக்கினேன். வண்டி மடங்கியது, என் வேட்டி முந்தியையும் சேர்த்து மடித்துக்கொண்டது. இழுத்தால் வேட்டி வருகிறது, விட்டால் வண்டி விரிகிறது, இடுப்பில் குழந்தை கைதட்டிச் சிரிக்கிறது. எதிர் வீட்டு மேரி கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். நாலு நிமிஷம் பத்து வினாடி என்று விமல் எழுதினான். கால் வட்டம்.

அடுத்தது விமானம். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரைப் பார்த்து இரண்டு வரிசையாகப் போட்டு, துண்டால் எங்களை இடுப்போடு கட்டி, மூன்று மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது என்றான். நிஜத்தில் இதைப்போல மூன்று மடங்காம். ஏழாவது நிமிஷம் நிலனுக்கு மூச்சா வந்தது. ஒன்பதாவது நிமிஷம் மகிழினி என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முன் வரிசைக்கு எறிந்தாள். செல்வி ஒரு தட்டில் உப்புமா கொண்டுவந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல், "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா சார்?" என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து மேரி தயிருக்கு உறை கேட்டு வந்தாள். ஒரு குடும்பமே கட்டிப்போட்ட மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைக் கண்டவள், "இன்னாக்கா, ஊட்ல எதுனா பிரச்சனையா? ஜெபம் பண்ணட்டுமா?" என்று செல்வியிடம் மெதுவாகக் கேட்டுவிட்டு, உறை வாங்காமலே போய்விட்டாள்.

இதெல்லாம் ஒன்றுமே இல்லை, சம்பந்தி. போன சனிக்கிழமை நடந்ததைக் கேளுங்கள். ஜப்பானில் ரயிலில் யாரும் வாய் திறக்க மாட்டார்களாம். ஆகவே கவரைப்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, குழந்தைகளோடு சென்ட்ரல் வரை ஒரு வார்த்தை பேசாமல் போக வேண்டும், அதுவே பரீட்சை. நம் ரயிலில் சுண்டல்காரர் பேசுவார், சீட்டாடுகிறவர்கள் பேசுவார்கள், தெரியாதவர்கூட எந்த ஊர் என்று கேட்பார். அதில் நான் கல்லைப்போல உட்கார்ந்திருந்தேன். நிலன் வாயில் லாலிபாப், மகிழினி என் தோளில் தூக்கம், நர்மதா பக்கத்தில், விமல் எதிர் சீட்டில் நோட்டும் கையுமாக இருந்தான். பொன்னேரி வந்தது. அங்கே ஏறினார் ஆசீர்வாதம், கொதிகலன் பிரிவில் என்னோடு இருபது வருஷம் வேலை பார்த்தவர்.

"இன்னா பூவராகவா, பேமிலியோட எங்க கெளம்பிட்ட?" என்றார். நான் சிரித்தேன். "இன்னாபா, கேக்கறேன், சிரிச்சிக்கினு கீற?" என்றார். நான் வாயைத் தொட்டுக் காட்டி, பேசக்கூடாது என்பதற்காகக் கையை ஆட்டினேன். அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. "அடப்பாவி, எப்பத்துலேர்ந்து?" என்றார். நான் நிலனைக் காட்டி உதட்டில் விரல் வைத்தேன். "கொயந்த முன்னாடி சொல்ல வேணான்றான், பாவம்" என்று அவர் பெட்டி முழுவதற்கும் விளக்கம் கொடுத்தார். அவ்வளவுதான். ஒரு அம்மா, "வாயி ஒரு பக்கமா இட்டுக்கினு கீது பாருங்க" என்றாள். என் வாய் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். ஒருவர் என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். ஒருவர் வெங்காயத்தை மூக்கில் வைத்தார். நர்மதா சிரிப்பு தாங்காமல் துப்பட்டாவால் வாயைப் பொத்திக் குலுங்கினாள். "மருமவ எப்டி அழுவுது பாரு" என்று அந்த அம்மா தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெற்ற மகனோ விதியை மீறக் கூடாது என்று வாய் திறக்காமல் எழுதிக்கொண்டே இருக்கிறான்.

மீஞ்சூரில் நான்கு பேர் என்னைத் தூக்கிவிட்டார்கள், ஆஸ்பத்திரிக்கு. அதற்குமேல் என்னால் முடியவில்லை. "டேய் உடுங்கடா, எனக்கு ஒண்ணும் இல்லடா, நான் ஜப்பான் போவணும்டா" என்று கத்தினேன். கொதிகலன் குரல், பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. "ஐயோ, புத்தியும் பிசகிடுச்சே" என்று ஆசீர்வாதம் தலையில் கை வைத்தார். மகிழினி விழித்து அலறினாள். நிலன் லாலிபாப்பை எடுத்துவிட்டு, "ஷ்ஷ், தாத்தா" என்றான். குழந்தைகளோடு அங்கேயே இறங்கினோம். "பதினெட்டு நிமிஷம் தாக்குப் புடிச்ச நைனா, நல்ல இம்ப்ரூவ்மென்ட்டு" என்று விமல் சொல்லி, வீட்டுக்கு வந்ததும் கால் வட்டம் போட்டான். மாலையில் ஆசீர்வாதம் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். ஜப்பான் போகணும் என்று கத்தியது பதற்றத்தில் வாய் தவறி வந்தது, அதைத் தாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என்னிடம் பாஸ்போர்ட் இருப்பதும் அடையாள அட்டைக்காக மார்ச்சில் எடுத்ததுதான்.

இப்போது என் நெஞ்சில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். என்னை இப்படிப் பிழிந்து எடுத்தவர்கள் தங்களுக்கு ஒரு பரீட்சையும் வைக்கவில்லை. தங்கள் பெயருக்கு நேரே எல்லா வட்டமும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவர் என்பதால் தேர்வே இல்லாமல் தங்களை எடுத்துவிட்டார்கள். ஒரு பம்ப் ஓடும்போது பக்கத்தில் இன்னொன்றைத் துடைத்து வைத்திருப்போம், அந்த ஸ்பேர் பம்ப் நான்.

தாங்கள் போவதில் எனக்குப் பொறாமை இல்லை. தங்கள் நன்மைக்காகவே சொல்கிறேன். அங்கே பூமி ஆடுமாம். மீனை வேகவைக்காமல் வைப்பார்களாம். கழிப்பறையில் ஒரு பலகை நிறையப் பொத்தான்கள், எதை அமுக்கினால் எங்கிருந்து தண்ணீர் பீய்ச்சும் என்று யாருக்கும் தெரியாது. நான் இருநூறு சுவிட்சு பார்த்தவன், எனக்குப் பயமில்லை, தங்களை நினைத்தால்தான் கவலை. தவிர பொதுக்குளியல் என்று ஒன்று இருக்கிறதாம். பல பேர் நடுவில், உடம்பில் ஒரு துணியும் இல்லாமல் இறங்க வேண்டுமாம். திருவள்ளூரில் தங்களுக்கு இருக்கும் மரியாதை என்ன, அந்தஸ்து என்ன. வேண்டாம், சம்பந்தி.

சரி, இதையும் மறைப்பானேன். மகிழினி மதியத்தில் என் நெஞ்சில் படுத்தால்தான் தூங்குவாள். நிலனுக்கு முதல் வாய் சோறு நான்தான் ஊட்ட வேண்டும். பன்னிரண்டு நாள் இந்த வீட்டில் நானும், எட்டு மணி வரை தூங்குகிற செல்வியும், டிவியும் மட்டும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆகவே யாருமே போக வேண்டாம், அதுதான் எல்லோருக்கும் நியாயம். தாங்கள் நர்மதாவிடம் ஒரு வார்த்தை, அப்பா சொல்கிறேன் என்று சொன்னால் போதும்.

தங்கள் குடும்பத்துக்கும், வயலுக்கும், தங்கள் முழங்காலுக்கும் திருவள்ளூர்ப் பெருமாள் துணை இருக்கட்டும். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் நலமே நாடும்,
பூவராகவன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் விமல் ஷிப்டு முடிந்து வந்தான். மனது கேட்காமல், "உங்க மாமாவுக்கு மட்டும் ஏன்டா பரீட்சை கெடையாது?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அவரு வரலன்னு சொல்லி மூணு வாரம் ஆச்சே நைனா. பலகை மாட்டுன அன்னிக்கே போன்ல சொல்ட்டாரு" என்றான். நான் கவரை ஒட்டாமல் கீழே வைத்தேன். பிறகு நர்மதா சொன்னாள், தாங்கள் அவளிடம் சொன்னதை அப்படியே சொன்னாள்: "கொயந்தைங்க அவரு இல்லாம இருக்காதுங்கமா, அவரும் இருக்க மாட்டாரு. அவரே போவட்டும். என் பேர மட்டும் பலகைல உட்டு வையி, போட்டின்னு நெனச்சாதான் மனுசன் ஒயுங்கா கத்துக்குவாரு." என் டிக்கெட் போட்டுப் பத்து நாள் ஆகிறதாம். எனக்கு மட்டும்தான் தெரியாது.

ஆகவே மேலே நான் எழுதியது எதையும் செய்ய வேண்டாம். நர்மதாவிடம் ஒன்றும் பேச வேண்டாம். பொதுக்குளியல் அப்படி ஒன்றும் மோசம் இல்லை, விருப்பம் இல்லாவிட்டால் யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்களாம். கடிதத்தைக் கிழித்துப் போடப் போனேன். செல்வி கையிலிருந்து பிடுங்கி முழுக்கப் படித்துவிட்டு, "கியிக்காதீங்க. உங்க லட்சணம் இன்னான்னு அவருக்கும் தெரியட்டும், அப்டியே அனுப்புங்க" என்றாள். அனுப்புகிறேன், எனக்கு வேண்டியதுதான். இத்தனை பக்கத்தில், குழந்தைகளைப் பார்க்க ஞாயிறு தோறும் இரண்டு பஸ் மாறி வருகிறவரின் மனசைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை. இப்போது கேட்கிறேன். நாங்கள் இல்லாத அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் என்ன செய்வீர்கள், சம்பந்தி?