எண்ணூரில் ஒரு பனிச்சரிவு நிபுணர்

வடசென்னையில் பனிச்சரிவுக்குப் பயந்து வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் பனிமலைதான். மார்கழியிலும் மின்விசிறி இல்லாமல் தூக்கம் வராத எண்ணூரில், வானத்திலிருந்து சாம்பலைத் தவிர வேறெதுவும் வெள்ளையாக விழாத எண்ணூரில், அந்த மனிதர் வருடம் முழுக்கப் பனியைப் பற்றியே பேசி எங்கள் உயிரை வாங்கினார்.

பனிமலை என்பது நாங்கள் வைத்த பெயர். ராயபுரத்துக்காரர். ராணுவத்தில் காஷ்மீர்ப் பக்கம் இருந்தாராம். பனிப்புயல் வருவதற்கு முன்னால் மலைச்சரிவைக் குத்திப் பார்த்து, கீழே ஆள் நடமாடலாமா கூடாதா என்று சொல்வது இவர் வேலையாம். ஓய்வு பெற்று எங்கள் நிலக்கரிக் கிடங்குக்குக் காவலாளியாக வந்தார். நான் அங்கே எடைமேடை கிளார்க். வந்த அன்றே மூன்று மாடி உயரக் கரிக்குவியலை அண்ணாந்து பார்த்தவர், அதன் அடியில் இருந்த ரோசி அக்காவின் டீக்கடையைப் பார்த்து அலறினார்.

"இன்னா மாமு இது? இத்தினி பெரிய மேட்டுக்குக் கீய மன்சங்க குந்தி டீ குடிச்சிகினு கீறீங்க?"

அன்று பிடித்தது சனி. வானொலியில் மழை என்று சொன்னால் போதும், மண்வெட்டியோடு குவியலில் ஏறிவிடுவார். பக்கவாட்டில் செங்குத்தாக வெட்டி, அடுக்கடுக்காகத் தடவிப் பார்ப்பார். மேலே கட்டி, நடுவில் சர்க்கரை மாதிரிப் பொடி, அந்தப் பொடிதான் துரோகி என்பார். பிறகு மண்வெட்டியைக் கவிழ்த்து வைத்து அதன் முதுகில் தட்டுவார். முதலில் மணிக்கட்டால், அப்புறம் முழங்கையிலிருந்து, கடைசியில் தோளிலிருந்து. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு யாரோ கரியைத் தூங்கவைப்பது போலிருக்கும். அந்த நேரத்தில் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தால், "டேய், மேடு முயிச்சிக்கும்!" என்று கத்துவார். ஹாரனைவிட அந்தச் சத்தம்தான் பெரிது.

போதாக்குறைக்குச் சிவப்புக் கயிறு வேறு. பனியில் நடக்கும்போது இடுப்பில் நீளமாகக் கட்டி இழுத்துக்கொண்டே போவார்களாம். ஆள் புதைந்தாலும் கயிற்றின் ஏதாவது ஒரு பகுதி வெளியே தெரியும், அதைப் பிடித்துத் தோண்டலாம். வண்ணாரப்பேட்டையில் ஒரு சுருள் நைலான் கயிறு வாங்கிவந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார். ரோசி அக்கா அதில் வாழைத்தார் தொங்கவிட்டார்.

அந்த வருடம் பெரிய புயல் வருகிறது என்றார்கள். ஊரே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பனிமலை மட்டும் கரியைப் பார்த்தார். தட்டினார், தடவினார், இறங்கிவந்து தீர்ப்புச் சொன்னார்.

"ரோசிம்மா, தெக்குப் பக்கம் நிக்காது. கடய தூக்கு."

"கரி வந்தா பாத்துக்கலாம். போயி கேட்டாண்ட காவல் பாருய்யா."

விட்டால்தானே! பெஞ்சு, அடுப்பு, பாய்லர் எல்லாவற்றையும் தானே தூக்கிக்கொண்டுபோய், கழிமுகத்தை ஒட்டிய பின்வாசல் காவல் அறையில் வைத்தார். குவியலுக்கும் அந்த அறைக்கும் நல்ல தூரம். கிடங்கிலேயே பள்ளமான இடமும் அதுதான். மலையில் எமன் மேலேயிருந்து வருவான். எண்ணூரில் கீழேயிருந்துதான் வருவான் என்பதை ராயபுரத்தில் பிறந்த ஒரு மனிதர் மறந்துபோனார். தொல்லை விட்டால் சரி என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டோம்.

மறுநாள் காலையில் கழிமுகம் பின்வாசல் வழியாக உள்ளே வந்தது. பெஞ்சு மிதந்தது, பாய்லர் போயே போய்விட்டது. நானும் ரோசி அக்காவும் இரண்டு லோடுமேன்களும் இடுப்பளவு தண்ணீரில் தத்தளித்துக் குவியலடிக்கு வந்தோம். வெளியே சாலையும் முங்கிவிட்டது. ஏற இருந்த ஒரே இடம் அந்தக் கரிதான். கூட வந்த பனிமலை மட்டும் அதன் அடியிலேயே நின்றுவிட்டார்.

"நா ஏற மாட்டேன். அது சறுக்கும்."

"யோவ், உன் டெஸ்டுல தீய வெக்க! தண்ணி ஏறிகினே கீது, வாய்யா!"

"சொல்ல சொல்ல கேக்காம ஏறுனானுங்க ரோசிம்மா. என் தோஸ்துங்கள இந்தக் கையாலதான் தோண்டி எட்த்தேன்."

அத்தனை வருடத்தில் அதை ஒருநாளும் அவர் சொன்னதில்லை. அக்காதான் முதலில் தெளிந்தார்.

"செரி, நீயே எடம் பாத்து ஏத்து. உன்ன இங்க வுட்டுட்டு ஒர்த்தரும் போவ மாட்டோம்."

அப்புறம்தான் அசைந்தார். புல்டோசர் ஏறி ஏறி இறுகிய மேற்குப் பக்கமாகக் கூட்டிப்போனார். இடுப்பில் கயிறு, ஆளுக்கு ஆள் இடைவெளி, மூச்சு விடக்கூடாது. அந்தப் பேய்க்காற்றில் யார் பேசி எது முழித்துக்கொள்ளப் போகிறதோ! மீனவர்கள் படகோடு வந்தபோது, உச்சியில் சிவப்பு வாலோடு ஐந்து கரிய உருவங்கள் குந்தியிருந்ததைப் பார்த்து ஓடாமல் இருந்தது அவர்கள் தைரியம்.

தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு கட்டிகூட உருளவில்லை. டீக்கடையின் நாலு கம்பும் நட்டபடி நின்றன. "இன்னும் டைம் கீது" என்றார் அந்த மனிதர், வெட்கமே இல்லாமல். அக்கா ஒரு மாதம் அவர் கையில் டீ கொடுக்கவில்லை. பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்.

இப்போது நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறேன். அவர் மழை வந்தால் முதலில் முங்கும் சடையங்குப்பத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். புயல் என்று செய்தி வந்தால் உடனே போன் வரும்.

"மேடு எப்டி கீது மாமு?"

"இங்க பொடவ அடுக்குதான் கீது நைனா."

"அதையும் தட்டிப் பாரு."

போன வாரமும் புயல் என்றார்கள். சாயங்காலம் வரை போன் இல்லை. நானே கூப்பிட்டேன்.

"மழ புட்ச்சிகிச்சி. மாடில நின்னு வானத்த பாத்துகினு கீறேன்" என்றார்.

"வாசல்ல தண்ணி வந்திச்சா நைனா?"

"அத எவன் பாத்தான்?"

முதலாளியிடம் சொல்லிக்கொண்டு சடையங்குப்பத்துக்குக் கிளம்பினேன். அந்த மனிதர் மேலேயேதான் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே பார்க்க அவருக்கு ஒரு ஆள் வேண்டாமா?