பாஸ்போர்ட்டுக்குப் பரஸ்தானம்

என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறந்த பிரிவுரை பதினோரு பக்கம். அதைக் கேட்க வேண்டியவர் சிதம்பரம் பிளாட்பாரத்தில் நின்று கைக்குட்டை ஆட்டினார். வாசிக்க வேண்டிய நான் கழுத்தில் மாலையோடு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். நாட்டை விட்டுப் போக வேண்டியவர் அவர். வழியனுப்ப வந்தவன் நான். எங்கே பிசகியது என்று இருபது வருஷமாக யோசிக்கிறேன். (வீட்டில் வேறு யாரும் யோசிப்பதில்லை. அவர்களுக்குத் தெரியும்.)

யுத்தம் முடிந்த புதிது. கடலூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் குமாஸ்தா. வயது இருபத்திரண்டு, தெரியாத விஷயம் எதுவுமில்லை என்ற நினைப்பு. அங்கே நர்ஸாக இருந்தவர் எல்லன் அம்மா. நார்வேயிலிருந்து ஒரே ஒரு வருஷ ஊழியத்துக்கு வந்தவர், யுத்தத்தில் கப்பல் நின்றுபோனதால் ஏழு வருஷம் மாட்டிக்கொண்டார். மீனவப் பெண்களிடம் தமிழ் கற்றவர். அவர் அதட்டினால் டாக்டரே ஒதுங்கி நிற்பார். கடைசியில் கொழும்பிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கப்பலில் இடம் கிடைத்தது. அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஊரில் எண்பது வயது அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழும்புக்குப் போக, வியாழக்கிழமை மத்தியானம் தெற்கே போகும் ரயில். இதைச் சிதம்பரம் கீழவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த என் மாமாவிடம் சொன்னேன் பாருங்கள், அதுதான் ஆரம்பம்.

"வியாழக்கிழமை தெற்கே சூலம்டா மாப்ள! எதிரியைக்கூட அனுப்பமாட்டாங்க."

"டிக்கெட் வாங்கியாச்சே மாமா."

"அப்ப பரஸ்தானம் வச்சுடு."

அதாவது, நாள் சரியில்லையென்றால் பயணியின் பொருள் ஒன்றை முதல் நாளே நல்ல நேரத்தில், போகிற திசையில், வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். மறுநாள் ஆள் போவது சும்மா பின்னால் போவதுதான். ரயில் சிதம்பரம் வழியாகத்தானே போகிறது? மாமா ஸ்டேஷனுக்கே கொண்டுவந்து ஜன்னலில் கொடுத்துவிடுவார்.

புதன்கிழமை காலை இதைச் சொன்னபோது எல்லன் அம்மா ஒரு குழந்தைக்குக் காது துடைத்துக்கொண்டிருந்தார். "மேசை மேல எதுனா இருக்கும், எடுத்துக்கினு போ," என்றார். மேசைமேல் ஒரு கறுப்புக் குடையும் ஒரு தோல் பையும் இருந்தன. ஏழு வருஷம் நமக்கு ஊழியம் செய்தவரின் பயணத்தை ஓட்டைக் குடையைக் கொண்டா தொடங்குவது? தேசத்தின் கௌரவம் என்னாவது? பையை எடுத்தேன். மாமா வீட்டுச் சாமி அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் கடலூர் ஸ்டேஷனில் ஒரே அழுகை, மாலை, கருவாட்டுப் பொட்டலம். அந்தச் சத்தத்தில் என் பிரிவுரை எடுபடாது என்று அதைச் சிதம்பரத்துக்கு ஒத்திவைத்து, நானும் ஏறிக்கொண்டேன். புழுக்கம் தாங்காமல் எல்லன் அம்மா மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். வண்டி நகர்ந்ததும் பெட்டிகளை எண்ணினார்.

"டேய், எம் பாஸ்போர்ட்டு பை இன்னாடா ஆச்சு? கப்பல் டிக்கெட்டும் அதுலதானடா இருக்குது!"

"அது நேத்தே கெளம்பிடுச்சும்மா."

"எங்க?"

"உங்க ஊருக்குத்தான்."

ஆலப்பாக்கம் வரை பெட்டிகளை மறுபடி மறுபடி எண்ணினார். பரங்கிப்பேட்டையில் பேசினார். அதை எழுத்தில் தர இயலாது. மீன் மார்க்கெட்டில் கேட்டுக்கொள்ளலாம்.

சிதம்பரத்தில் மாமா தயாராக, பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். எனக்கு உயிர் வந்தது.

"குடுங்க மாமா!"

"மணி ரெண்டே கால். ராகுகாலம்டா. மூணு அடிக்கட்டும்."

"வண்டி அஞ்சு நிமிஷத்துல போயிடும்!"

"போவட்டுமே. அவுங்க நல்லா போவணுமா, சீக்கிரம் போவணுமா?"

எல்லன் அம்மா இறங்கினார். மாமா பின்வாங்கினார். "தாயி, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்!" தண்ணீர்க் குழாயடியில் அவரை மடக்கி, பையின் ஒரு காதை எல்லன் அம்மா பிடித்தார்; மறு காதை மாமா விடவில்லை. இந்த நெருக்கடியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? சீட்டுக்கு அடியில் பறந்துபோன நாலாம் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். எடுத்து நிமிர்ந்தால் பிளாட்பாரம் நகர்கிறது. இருவரும் பையை விடாமல் என்னையே பார்த்தார்கள். ரயில் போனால் கையாட்டியே பழகியவர் எல்லன் அம்மா. தன்னையறியாமல் கைக்குட்டையை எடுத்து ஆட்டினார்.

சங்கிலியை இழுத்திருக்கலாமே என்கிறீர்களா? மாயவரத்தில்தான் எனக்கும் அது தோன்றியது.

டிக்கெட் பரிசோதகர் மாலையைப் பார்த்தார். "என்னப்பா மாப்பிள்ளை, பொண்ணு எங்க?"

"சிதம்பரத்துல சார். பாஸ்போர்ட்டோட."

மாயவரம் ஸ்டேஷன் மாஸ்டர் சிதம்பரத்துக்குத் தகவல் சொல்லி, பெட்டிகளோடு என்னையும் பாதுகாப்பில் வைத்தார். மறுநாள் அதே வண்டி வந்தது. ஜன்னலில் எல்லன் அம்மா. நெற்றியில் குங்குமம், தலையில் மல்லிகை, மடியில் என் அத்தை கட்டிக்கொடுத்த புளிசோறு. தோல் பை கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கியது. நான் வியர்க்க விறுவிறுக்கப் பெட்டிகளை ஏற்றினேன்.

"உங்க அத்தை வாசல்ல நின்னுக்கினு, 'அடுத்த வருசம் வந்துடு'ன்னாங்கடா," என்றார். கண் கலங்கியிருந்தது. "ஏழு வருசமா ஊருக்குப் போவணும் போவணும்னு அழுதேன். இப்ப இன்னாடான்னா..."

இதுதான் சமயமென்று பதினோரு பக்கத்தையும் உருவினேன். "பெருமதிப்பிற்குரிய..." விசில் ஊதியது. நகர்ந்த ஜன்னலிலிருந்து அந்தக் கறுப்புக் குடை என் மார்பில் வந்து குத்தியது.

"அடுத்த தபா இத்த எடுத்துக்கினு போடா!"

கப்பலைப் பிடித்துவிட்டார். அப்பாவே கதவைத் திறந்ததாகக் கடிதம் வந்தது. "பாத்தியா, பரஸ்தானம் வீண்போவல," என்று மாமா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

குடை எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. யார் பயணம் போனாலும் முதல் நாள் அது பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். போன மாதம் மகள் சென்னைக்குக் கிளம்பினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் புறப்பட, உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது:

"அப்பாவை ரயிலுக்குள்ள மட்டும் ஏறவிடாதடி. அவர் போயிடுவாரு."