ரிஜெக்ட் பாயும் தொண்ணூற்றெட்டு ஐடிலும்

சொர்க்கத்தின் வாசலில் நின்று "உள்ள வாங்க பாய்" என்று கூப்பிட்டாலும், கதவைத் தட்டிப் பார்த்து, கீல் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் ரிஜெக்ட் பாய் உள்ளே போவார்.

ஆம்பூர் பக்கம் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் அவர்தான் ஃபைனல் செக்கிங். பெட்டிக்குள் போகும் முன் ஷூவைக் கடைசியாகப் பார்க்கிறவர். வளைப்பார், மோந்து பார்ப்பார், தையலை நகத்தால் சுரண்டுவார், "ரிஜெக்ட்" என்று ஓரமாகத் தூக்கிப் போடுவார். அதுவே பெயராகிவிட்டது. நிஜப் பெயர் அவர் வீட்டம்மாவுக்காவது ஞாபகம் இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான். கல்யாணப் பந்தியில் பிரியாணி வைத்தால் கறித்துண்டைப் புரட்டிப் பார்த்து, "இது இன்னிக்கு அறுத்ததா, நேத்து அறுத்ததா?" என்பார். பரிமாறுகிறவர் கரண்டியோடு அடுத்த வரிசைக்கு ஓடிவிடுவார்.

மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து, எக்ஸ்போர்ட் செக்ஷனில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்த அன்றைக்கு, என் டிப்ளமோ சர்டிஃபிகேட்டை வாங்கி டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"இன்னாம்மா, சீல் மங்கலா இருக்கு?"

"இங்க் பேட் காஞ்சு போயிருக்கும் பாய்."

"தானா காஞ்சுதா, காய வெச்சாங்களா?"

இந்த மனுஷரிடம் என்னத்தைப் பேசுவது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏற்றுமதிப் பெட்டிகளில் ஒட்டும் ஸ்டிக்கர்களை அச்சடிப்பது என் வேலை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஸ்டிக்கர் கடகடவென்று வரும். பிரிண்ட் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனால் போச்சு, திரும்பி வரும்போது நாலைந்துதான் வந்திருக்கும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஃபேன் மட்டும் மாவு மெஷின் மாதிரி கத்திக்கொண்டிருக்கும். மௌஸைத் தொட்டால் கப்சிப்.

"குடுத்துட்டுத்தான் போனேன்னு சொல்றே. எங்கம்மா ஸ்டிக்கர்? கன்டெய்னர் வாசல்ல நிக்குது" என்று மேனேஜர் என்னைத்தான் முறைத்தார்.

பாய்க்கு இது போதாதா? "ஆள் இல்லாதப்போ கத்துது, ஆள் வந்தா கம்முனு ஆய்டுது. நம்ம டிசைனை எவனோ உறியறான்" என்றார்.

"இதுல இன்டர்நெட்டே இல்ல பாய். போன் ஒயர்கூட இல்ல."

"கரன்ட் ஒயர் இருக்குல்ல?"

சிரிக்காதீர்கள். டிசைன் திருட்டு என்றால் எங்கள் ஊரில் கொலைக்கேஸை விடப் பெரிய விஷயம்.

வேலூரிலிருந்து சர்வீஸ் ஆளை வரவழைத்தார்கள். மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தினால், உள்ளே எது எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் கட்டம் ஒன்று திறக்கும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார், டீ குடித்தார், போய்விட்டார். பாய் மூக்கு ஸ்கிரீனில் இடிக்கக் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். 'சிஸ்டம் ஐடில் பிராசஸ், 98.'

"ஐடிலா!" என்று அலறினார்.

ஷூ கம்பெனியில் ஐடில் என்பது கெட்ட வார்த்தை. தோல் வராமல் லைன் சும்மா நின்றால் ஐடில். அதற்கு யாராவது ஒருவர் திட்டு வாங்கியே ஆகவேண்டும். கம்ப்யூட்டரிலோ அதற்கு, இவ்வளவு சக்தி செலவாகாமல் மிச்சம் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். இதை நான் விளக்கி முடிப்பதற்குள் பாய் மேனேஜர் ரூமில் இருந்தார்.

"சார், நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு ஐடில்! இந்தப் பொண்ணு சும்மாத்தான் குந்தினு இருக்குன்னு கம்ப்யூட்டரே எழுதிக் குடுக்குது சார்!"

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "சனிக்கிழமையோட நின்னுக்கம்மா" என்றார். அவ்வளவுதான். வீட்டில் அப்போது மாதச் சம்பளம் என்று வந்தது என்னுடையது மட்டும், தம்பி படித்துக்கொண்டிருந்தான். பாத்ரூமில் போய் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே பாயிடம் வந்தேன்.

"நல்லா இருங்க பாய். இத்தினி நாளா ஷூவை ரிஜெக்ட் பண்ணீங்க. இப்போ ஆளையும் பண்ணிட்டீங்க."



மறுநாள் சாப்பாட்டு மணி அடித்தபோது பாய் டிபன் டப்பாவை எடுக்கவில்லை. என் கம்ப்யூட்டரில் மூன்று பட்டனை அழுத்தி, எவ்வளவு ஓடுகிறது என்பதைக் கோடாகக் காட்டும் வரைபடத்தைத் திறந்து வைத்துவிட்டு, வெளியே வந்து, கதவுக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்.

"இன்னா பாய் பண்றீங்க?"

"ஷ்ஷ்! ஆள் இல்லன்னு அது நெனச்சுக்கணும்."

கொஞ்ச நேரத்தில் ஸ்கிரீன் இருண்டது. கலர் கலராகக் குழாய்கள் முளைத்து, வளைந்து, ஒன்றன் மேல் ஒன்று ஏறின. ஃபேன் கத்த ஆரம்பித்தது. பாய் ஓடிப் போய் மௌஸைத் தட்டினார். குழாய்கள் மறைந்தன. வரைபடத்தில், ஆள் இல்லாத நேரம் முழுக்கக் கோடு ஏலகிரி மலை மாதிரி உயர்ந்து நின்று, மௌஸைத் தொட்ட இடத்தில் தடாலென்று இறங்கியிருந்தது.

"அடப்பாவி! இந்தப் பைப்பை வரையறதுக்கே இதோட உயிர் போவுது. உன் ஸ்டிக்கரை எங்கேர்ந்து அடிக்கும்? யாரும்மா இதை வெச்சது?"

"மேனேஜர் சார்தான். ஸ்கிரீன் சேவராம். ஷூ வாங்கற ஃபாரின் பையர் வந்து பார்த்தா ஜோரா இருக்கணும்னு."

பாய் மேனேஜரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்தார். குழாயை நிறுத்தி, பிரிண்ட் கொடுக்கச் சொல்லி, எங்கள் எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். ஆளில்லாத அறையில் ஸ்டிக்கர் கடகடவென்று வந்து விழுந்தது.

"சரி சரி, வேலையைப் பாருங்க" என்று மேனேஜர் நழுவப் பார்த்தார்.

"சார், இந்தப் பொண்ணை நிக்கச் சொன்னீங்களே?"

"அது... வரட்டும் பாய்."

"அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க சார். நாளைக்கு மாத்திப் பேசுவீங்க."

மேனேஜர் என் முகத்தைப் பார்த்து, "திங்கட்கிழமை வந்துடும்மா" என்றார்.

அவர் போனதும் பாயிடம் கேட்டேன், "எப்போ பாய் என்னை நம்ப ஆரம்பிச்சீங்க?"

"யாரு நம்புனா? நேத்து வூட்டுக்குப் போனேன், சோறு எறங்கல, ஒரே பேஜார். என் சந்தேகத்து மேலயே சந்தேகம் வந்துடுச்சு. ஷூவை ரிஜெக்ட் பண்ணா ரிப்பேருக்குப் போவும். ஆளைப் பண்ணா, ஆள் எங்கம்மா போவும்?"

அந்த நிமிஷம் அந்த மனுஷரை எனக்கு அவ்வளவு பிடித்துப் போனது.

பிறகு எத்தனையோ ஆபீஸ் பார்த்துவிட்டேன். "உன்னை முழுசா நம்புறேன்" என்று சொன்ன மேலதிகாரிகள் நிறையப் பேர். அவர்களில் ஒருவர்கூட எனக்காக ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டதில்லை.